ஸ்டாப்பர் கேபிள் சுட்டப்போதான் வெளங்குச்சு

நம்ம லாரி பழசு. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல், ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரிஸ்ல கட்டி 24 வோல்ட்ல ஓடுது. இந்த மாதிரி வண்டில ஒரு நிம்மதி என்னன்னா, ஸ்டார்ட் ஆகலைன்னா அதுக்கு காரணம் கைக்கு எட்டுற தூரத்துல, கண்ணுக்கு தெரியுற மாதிரி எங்கயாவது ஒக்காந்திருக்கும். நாமதான் அதைத் தவிர மத்த எல்லாத்தையும் பாப்போம். நான் மூணு வாரம் அப்படித்தான் பாத்தேன், அதுல ரெண்டு கோளாறு நானே உண்டாக்குனது, அதனால யாரையும் திட்டவும் வழியில்ல.

மொத நாள் காலைல சாவிய திருப்புறேன், "டக்"னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். எஞ்சினை சுத்தி விடுற செல்ஃப் மோட்டார் சுத்தவே இல்ல. டேஷ்போர்டு லைட்டு லேசா மங்கி திரும்பி வந்துச்சு. பேட்டரிக்கு வயசாச்சுன்னு ஏற்கனவே மனசுல ஓடிட்டு இருந்ததால ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, மீட்டர் எடுத்து அளக்கக்கூட இல்ல, ரெண்டு பேட்டரியும் புதுசு போட்டேன். போட்டதும் பட்டுனு எடுத்துச்சு. பாத்தியா நான் சொன்னேன்லன்னு எனக்கு நானே பெருமைப்பட்டுக்கிட்டேன். அஞ்சு நாள் கழிச்சு மறுபடியும் அதே "டக்".

இப்போ சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேல போச்சு. வண்டிக்கு அடியில படுத்து அந்த கனத்தை நெஞ்சு மேல தாங்கி கழட்டுனவங்களுக்குத்தான் தெரியும் அந்த வேலை. கழட்டி, கார்பன் பிரஷ் மாத்தி, செல்ஃபுக்கு கரன்டை இணைச்சு விடுற சோலினாய்டோட கான்டாக்ட் சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டியாச்சு. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு. மூணாவது நாள் செல்ஃப் சுத்துது, ஆனா தூக்கத்துல இருந்து எழுப்புன மாதிரி, உய்ங்... உய்ங்...னு இழுத்து இழுத்து. விடாம அடிச்சேன். ஒரு தடவைக்கு 10, 15 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்கக்கூடாது, நடுவுல ரெண்டு நிமிஷமாவது ஆற விடணும்னு எனக்கும் தெரியும், ஆனா லோடு ஏத்தி வச்சிட்டு நிக்கிறவனுக்கு எந்த விதி ஞாபகம் வரும். அப்போதான் கேபினுக்குள்ள பிளாஸ்டிக் கருகுற வாடை. வயரிங் போச்சுடான்னு பதறி டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டா, எஞ்சின் ஆஃப் பண்ற ஸ்டாப்பர் கேபிள் இருக்குல்ல, அதோட உறை கைய வைக்க முடியாத அளவுக்கு சுடுது. கரன்டே போகாத கேபிள் அது, வெறும் இழுக்குற கம்பி. அது எதுக்கு சுடுது?

பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தை சொன்னதும் அவர் சிரிச்சாரு. "தம்பி, சாவிய தொடாத, கீழ எறங்கி நில்லு. எஞ்சினுக்கு எர்த் இல்ல, அதான் கரன்டு கெடைச்ச வழியில திரும்பிப் போகுது. நான் வர்றேன்."

அவர் சொன்னதை அப்புறம் யோசிச்சுப் பாத்தா ரொம்ப சிம்பிள். செல்ஃப் மோட்டார் நூத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்குது, பாசிட்டிவ் கேபிள் வழியா எவ்ளோ வருதோ அவ்ளோவும் எஞ்சின் பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பணும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல ஒக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரன்டு போகாது. அதனால எஞ்சினுக்கும், பேட்டரி நெகட்டிவ் மாட்டியிருக்குற சேஸிஸுங்குற இரும்புச் சட்டத்துக்கும் நடுவுல பின்னல் மாதிரி ஒரு பட்டை எர்த் வயர் போட்டிருப்பாங்க. அது செத்துப் போச்சுன்னா கரன்டு சும்மா இருக்காது, ஸ்டாப்பர் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள்னு எஞ்சினையும் பாடியையும் இணைக்குற எந்த இரும்பு கெடைச்சாலும் அதுல ஏறும். மெல்லிசு கம்பி அவ்ளோ கரன்டை தாங்குமா, சூடாகும்.

அண்ணன் வந்து மொதல்ல பண்ணது ஒரே ஒரு வேலை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனைய எஞ்சின்ல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல மாட்டுனாரு. "இப்போ அடி." செல்ஃப் விர்ர்னு சுத்தி வண்டி உடனே எடுத்துருச்சு. ரெண்டு புது பேட்டரி, ஒரு செல்ஃப் ரிப்பேர், எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷத்துல பாத்திருக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் எஞ்சினை ஆஃப் பண்ணி, ஜம்பரை கழட்டி, மீட்டர் வச்சு காட்டுனாரு, இது எல்லாரும் கத்துக்க வேண்டியது. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு குச்சிய பேட்டரியோட நெகட்டிவ் முள்ளு மேலயே வைக்கணும், அதைப் பிடிச்சிருக்குற கேபிள் கிளாம்ப் மேல வச்சா கிளாம்புக்கும் முள்ளுக்கும் நடுவுல இருக்குற கோளாறு தெரியாம போயிடும். இன்னொரு குச்சி செல்ஃப் மோட்டார் பாடில. ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும், அடிக்கிற நேரத்துல மட்டும் ரீடிங் பாக்கணும். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா பரவால்ல. நமக்கு 6 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அதாவது பேட்டரி குடுக்குறதுல கால்வாசி திரும்பி வர்ற பாதையிலேயே தொலைஞ்சு போகுது. அப்புறம் துண்டு துண்டா பாத்தோம். பேட்டரில இருந்து சேஸிஸ் வரைக்கும் ஒண்ணும் பெருசா இல்ல, சேஸிஸ்ல இருந்து எஞ்சினுக்கு குச்சி வச்சதும் மொத்த வோல்ட்டும் அங்க நின்னுச்சு. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரிதான், பேட்டரி பாசிட்டிவ்ல ஒண்ணு, செல்ஃப்போட பெரிய டெர்மினல்ல ஒண்ணு.

வண்டிய நிறுத்தி வச்சு, வயர் அறுந்திருக்கான்னு மீட்டர்ல பீப் சத்தம் பாத்தா இது தெரியவே தெரியாது, அதை நான் ஏற்கனவே பாத்திருந்தேன், பீப் நல்லாவே வந்துச்சு. ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும். பளு வந்தாத்தான் குட்டு வெளிப்படும்.

அந்த எர்த் பட்டைய கழட்டுனப்போ நல்லாத்தான் தெரிஞ்சுது, போல்ட் டைட்டா இருந்துச்சு. கையில எடுத்து நடுவுல மடக்குனதும் உள்ள இருந்து பச்சை பச்சையா தூள் கொட்டுது, இழையெல்லாம் பொடிப்பொடியா போயி, ஓரத்துல ஒரு பத்து பதினஞ்சு இழைதான் முழுசா இருந்துச்சு. அதை விட கொடுமை, போல்ட் போடுற வளையம், லக்குன்னு சொல்லுவோம், அதுக்கு அடியில சேஸிஸ் இரும்பே தெரியல, மொழுமொழுன்னு பெயின்ட். முன்னாடி சேஸிஸுக்கு பெயின்ட் அடிச்சப்போ எர்த்தை கழட்டிட்டு, காஞ்சதும் பெயின்ட் மேலயே வச்சு முறுக்கி இருக்காங்க. அடிச்சது யாருன்னு கேக்காதீங்க. இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி, புது பட்டை போட்டு, டைட் பண்ணதுக்கு அப்புறம் மேல கிரீஸ் தடவுனோம். கிரீஸ் கடைசியாத்தான், தண்ணி போகாம இருக்க.

சுத்தாத வண்டிக்கு வேற என்ன பாக்கணும்னா, ஹெட்லைட்டை போட்டுட்டு சாவிய திருப்புங்க. லைட்டு செத்துப் போற மாதிரி மங்குனா பேட்டரி டவுனு, இல்லன்னா டெர்மினல், பேட்டரில இருந்து சேஸிஸுக்கு வர்ற எர்த்து, அபூர்வமா செல்ஃப் ஜாம். லைட்டு அசையவே இல்ல, சத்தமும் இல்லன்னா கரன்டே அந்தப் பக்கம் போகல, சாவி சுவிட்ச், ரிலே, சோலினாய்டுக்கு வர்ற சின்ன வயர். "டக் டக் டக் டக்"னு மெஷின் மாதிரி அடிச்சா பெரும்பாலும் பேட்டரில சார்ஜ் இல்ல. பேட்டரிய அளக்குறப்போ ரெண்டையும் தனித்தனியா அளக்கணும், ராத்திரி முழுக்க ஓய்வா இருந்த பேட்டரி 12.6 காட்டுனா முழு சார்ஜ், 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போனா அதை நம்பாதீங்க. மொத்தமா 24 காட்டுதுன்னு சந்தோஷப்பட்டா உள்ள ஒண்ணு 12.7, இன்னொண்ணு 11.3ன்னு இருக்கும். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விட்டிருந்தா இப்படித்தான் ஆகும், ஒண்ணு பட்டினி கெடக்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ்ல கொதிக்கும். கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. கையில மோதிரம் இருந்தா கழட்டி வச்சிடுங்க.

ஸ்பேனரை வச்சு செல்ஃப் டெர்மினலை ஷார்ட் பண்ணி சுத்த வைக்கிற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு. எனக்கும் இருந்துச்சு. ஒரு தடவை கியர்ல நிக்கிறதை கவனிக்காம அப்படி பண்ணி, வண்டி ஒரு முழம் முன்னாடி குதிச்சுது, நான் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தேன். அதுல இருந்து நியூட்ரல் பாத்து, டயருக்கு கட்டை போட்டுட்டுத்தான் அடியில போறது.

சரி, எர்த் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மறுநாள் காலைல செல்ஃப் சும்மா பறக்குது, அப்படி ஒரு வேகம். வண்டி எடுக்கல.

சைலன்சரைப் பாத்தா துளி புகை இல்ல. இது பெரிய தடயம். டீசல் வண்டி நல்லா சுத்தி, எடுக்காம, புகையும் வரலைன்னா சிலிண்டருக்குள்ள டீசலே போகல. வெள்ளப் புகை வந்தா டீசல் போகுது, ஆனா பத்திக்கல, அப்போ குளிரு, எஞ்சின் காத்தை சூடாக்குற ஹீட்டர், கம்ப்ரஷன், டைமிங்னு வேற ரூட்டு. நமக்கு புகையே இல்ல, அதனால டீசல் பைப்புல காத்து புகுந்து ஏர் பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணிட்டு தேடுறதுதான் என்னோட வியாதி.

ஏர் எடுக்க ஆரம்பிச்சேன். டேங்குல இருந்து டீசலை இழுத்து மெயின் பம்புக்கு குடுக்குற ஃபீட் பம்பு மேல இருக்குற ஹேண்ட் பம்பு குமிழைத் திருகி தூக்கி விட்டு, ஃபில்டர் மேல இருக்குற ஏர் ஸ்குரூவை லூஸ் பண்ணி அடிச்சா, மொதல்ல நுரை நுரையா வரும், அப்புறம் குமிழி இல்லாம கண்ணாடி மாதிரி டீசல் வரும், அப்போ அடிச்சுக்கிட்டே டைட் பண்ணணும். அதுக்கப்புறம் மெயின் பம்பு ஏர் ஸ்குரூல அதே மாதிரி. முடிச்சதும் குமிழை அழுத்தி திருகி பூட்டிடணும், அது லூஸா இருந்தா அது வழியாவே ஏர் இழுக்கும். எனக்கு ரெண்டு இடத்துலயும் டீசல் ஜம்முனு வருது, குமிழியே இல்ல. சந்தேகத்துக்கு டேங்குல இருந்து வர்ற பைப்பை மாட்டுற, நடுவுல ஓட்டை போட்ட பான்ஜோ போல்ட், ஃபில்டர் போல்ட்டெல்லாம் கழட்டி ஊதிப் பாத்து, அதே பழைய காப்பர் வாஷரைப் போட்டு மாட்டுனேன். இந்த வரிய ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வருது.

கடைசியா சிலிண்டருக்குள்ள டீசலை பீச்சுற நாசிலுக்குப் போற பைப் நட்டை ஒரு சுத்து லூஸ் பண்ணி மேல துணிய சுத்தி விட்டு செல்ஃப் அடிச்சேன். ஒவ்வொரு சுத்துக்கும் பீச்சணும். காஞ்சு கெடக்கு. ஆறு பைப்பும். இந்த இடத்துல கைய கிட்ட கொண்டு போகாதீங்க, பழைய நாசில் கூட 200 பார் வாக்குல தெறக்குறது, அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைக் குத்தி உள்ள போயிடும், வெளிய ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், உள்ள விரலே போற அளவுக்கு ஆபத்து, அப்படி ஆனா உடனே ஆஸ்பத்திரிதான்.

பம்பு வரைக்கும் டீசல் வருது, பம்புல இருந்து வெளிய வரல. அப்போ பம்பு அவுட்டு. பம்பை எறக்கி கேலிபரேஷனுக்கு அனுப்பணும்னு ஸ்பேனரை எடுத்தாச்சு, எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுவோம்னு போன் பண்ணேன்.

"ஸ்டாப்பர் லீவர் எங்க நிக்குது?"

"குமிழை உள்ள தள்ளித்தாண்ணே வச்சிருக்கேன்."

"குமிழைக் கேக்கல தம்பி. பம்புல இருக்குற லீவரைப் பாரு."

போயி பாத்தா லீவர் முக்கால்வாசி ஸ்டாப் பக்கம் நிக்குது. முந்தின நாள் சூடானப்போ கேபிள் உறைக்குள்ள இருக்குற பிளாஸ்டிக் உருகி கம்பியோட ஒட்டிக்கிச்சு, சாயங்காலம் வண்டிய ஆஃப் பண்ண இழுத்தப்போ போன லீவர் திரும்பி வரல. கேபின்ல குமிழ் உள்ள போயிருக்கு, ஆனா கம்பி உறைக்குள்ளயே வளைஞ்சு நிக்குது. கேபிளை லீவர்ல இருந்து கழட்டுனேன், ஸ்பிரிங் இழுத்து "டிக்"குனு லீவர் தானா ரன் பக்கம் போச்சு. செல்ஃப் அடிச்சதும் ஆறு துணியும் நனைஞ்சுது. நட்டெல்லாம் டைட் பண்ணி அடிச்சா, வெள்ளையா ஒரு புகை, நாலு சிலிண்டர்ல நொண்டி நொண்டி எடுத்து, அப்புறம் ஆறும் சேந்துச்சு. உங்க வண்டில கேபிளுக்கு பதிலா ஸ்டாப் சோலினாய்டு இருந்தா, சாவி போட்டதும் அது அசையுதா, அதுக்கு கரன்டு வருதான்னு பாக்குறது இதே கணக்குதான்.

புது ஸ்டாப்பர் கேபிள் வாங்கிப் போடுற வரைக்கும் ரெண்டு நாள் எஞ்சினை ஆஃப் பண்ண ஒவ்வொரு தடவையும் எறங்கிப் போயி கையால லீவரைத் தள்ளுனேன். பக்கத்துல நிக்கிறவங்க பாத்த பார்வை இருக்கே.

மூணாவது கோளாறு சத்தமில்லாதது. வண்டி எடுக்குது, ஆனா காலைல மட்டும் அரை நிமிஷம் அடிக்க வைக்குது, இல்லன்னா எடுத்து ஒரு நிமிஷம் ஓடி அப்படியே அணையுது. ஹேண்ட் பம்பை நாலு தடவை அடிச்சிட்டு எடுத்தா ஒழுங்கா ஓடுது. பகல்ல எத்தனை தடவை ஆஃப் பண்ணாலும் பிரச்சனை இல்ல. இது ராத்திரி டீசல் டேங்குக்கு திரும்பி எறங்குற லட்சணம். எங்கயோ ஒரு இடத்துல காத்து உள்ள போகுது, ஃபீட் பம்புல திரும்ப விடாம நிறுத்துற வால்வும் லேசா லீக்கு.

ஃபீட் பம்புக்கு அப்புறம் லீக் இருந்தா, எஞ்சின் ஓடும்போது பிரஷர்ல டீசல் வெளிய கசியும், ஈரமா தெரியும், தூசி ஒட்டி கருப்பா இருக்கும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல லீக் இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும், பாக்க காஞ்சு சுத்தமா இருக்கும். அதனால ஈரம் இல்லையே, லீக் இல்லன்னு சொல்றது தப்புக்கணக்கு. ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்குற டிரான்ஸ்பரன்ட் ஹோஸை மாட்டிப் பாத்தேன், வரிசையா குட்டிக் குட்டி குமிழி ஓடுது. அப்புறம் ஒரு கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி எஞ்சினை விட உயரமா கட்டி, நேரா ஃபீட் பம்புக்கு ஹோஸ் குடுத்து ஓட்டுனேன், குமிழி இல்ல. அப்போ கோளாறு டேங்கு பக்கம். எல்லாத்தையும் தொடச்சிட்டு பாத்தா, நான் பழைய வாஷரைப் போட்டு முறுக்குனேன்ல, அதே பான்ஜோ போல்ட். காப்பர் வாஷர் ஒரு தடவை நசுங்குனா இறுகிப் போயிடும், ரெண்டாவது தடவை அது பள்ளத்துல ஒழுங்கா ஒக்காராது. அவசரத்துக்கு தனியா எடுத்துட்டுப் போயி செக்கச்செவேல்னு பழுக்க சுட்டு ஆற விட்டா திரும்ப மெதுவாகும், ஆனா புதுசு இருக்கும்போது அது எதுக்கு. புது வாஷர் ரெண்டு பக்கமும் போட்டு, ஃபீட் பம்பு வால்வையும் ஸ்பிரிங்கையும் மாத்துனதும் காலைல மொத சுத்துலயே எடுக்க ஆரம்பிச்சுது.

இடையில ஒருத்தர் இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு சொன்னாரு, இன்னொருத்தர் ஏர் கிளீனர்ல ஸ்ப்ரே அடிக்கலாம்னு நின்னாரு. பம்புல இருந்து டீசலே வராத வண்டிய எவ்ளோ தூரம் இழுத்தாலும் ஓடாது, பிரேக்குக்கான காத்து டேங்க்ல பிரஷர் இல்லாம இழுத்தா பிரேக்கும் கைகுடுக்காது. ஸ்ப்ரே, ஹீட்டர் இருக்குற எஞ்சின்ல அடிச்சா உள்ளயே வெடிக்கிற சமாச்சாரம், நான் தொடுறதில்ல.

போன வாரம் ஷெட்டு மூலைல கெடந்த அந்தப் பழைய பேட்டரி ரெண்டையும் எடுத்து, தண்ணி பாத்து, சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி விட்டுட்டு அளந்தேன். 12.6, 12.5. சந்தேகம் தீரட்டும்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை மாட்டி ஒரு மணி நேரம் எரிய விட்டேன், மங்கவே இல்ல. லாரில தூக்கி வச்சு செல்ஃப் அடிச்சா பட்டுனு எடுக்குது. அண்ணன்கிட்ட இதை இன்னும் சொல்லல.